பழைய கணக்கும் புதிய வழக்கும்

“சென்ற தடவை இப்படித்தான் செய்தோம், சரியாக வந்தது.” உலகில் நடைபெறும் அலுவல்களில் பாதி இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன. சமையலறையில் உப்பின் அளவைத் தீர்மானிக்கும் தாய்மாரும், நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவரும், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புக் கூறும் நீதிபதியும், சரக்கைப் பார்த்து விலை சொல்லும் வியாபாரியும் நேற்றைய அனுபவத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் இன்றைய முடிவுக்கு வருகின்றனர். அதில் குறை காண ஒன்றுமில்லை. அனுபவத்தை மதியாதவன் ஒவ்வொரு நாளும் குழந்தையாகவே விழித்தெழுவான்.

எனினும், இந்த வாக்கியத்தைச் சற்று நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. சென்ற தடவையும் இந்தத் தடவையும் ஒன்றே என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? ‘சரியாக வந்தது’ என்கிறோமே, யாருக்குச் சரியாக வந்தது? இந்தத் தடவை தவறிப்போனால் அதற்குப் பொறுப்பாளி யார்? மனித நினைவு காலங்காலமாகச் செய்துவந்த இவ்வேலையை இன்று கணிப்பொறியிடம் ஒப்படைக்கத் தொடங்கிவிட்டோம். ஆகவே, இக்கேள்விகள் வெறும் தத்துவ விசாரமாக நின்றுவிடாமல், நம் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் மறுமைக் கணக்குக்கும் உரியவையாக மாறிவிட்டன.

மேஸ்திரியின் நினைவு

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதியில் நீண்டு கிடக்கும் தோல் வட்டாரத்தை நம் வாசகர்கள் நன்கறிவர். தோல் ஷாப்பில் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர்: எந்த இரண்டு தோலும் ஒன்றல்ல. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் வேறு வேறு என்பது இருக்கட்டும். ஒரே சந்தையில் வாங்கிய இரண்டு ஆட்டுத் தோல்களில் ஒன்று நன்றாக உப்பிடப்பட்டிருக்கும், மற்றொன்று உப்புக் குறைந்து உள்ளுக்குள்ளே கெடத் தொடங்கியிருக்கும். கோடை நீர் ஒரு விதமாகவும் மாரி நீர் வேறு விதமாகவும் வேலை செய்யும். சுண்ணாம்பில் எத்தனை நாள், டிரம்மில் எத்தனை மணி நேரம் என்பதற்குப் பொது விதிகள் உண்டு. ஆனால் அந்த விதிகளுக்குள் அடங்காத சரக்கு அடிக்கடி வந்து சேரும்.

அப்போது மேஸ்திரி என்ன செய்கிறார்? தோலைத் தொட்டுப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார், மடித்துப் பார்க்கிறார். பிறகு, முன்னொரு மழைக்காலத்தில் இதே போன்றதொரு சரக்கு வந்ததையும் அப்போது சுண்ணாம்பைக் குறைத்ததையும் நினைவிற்குக் கொண்டுவருகிறார். அந்தப் பழைய கைவழியை இன்றைய சரக்குக்குத் தக்கவாறு சிறிது மாற்றிக்கொள்கிறார். முடிவு எப்படி வந்தது என்பதை மீண்டும் மனத்தில் பதித்துக்கொள்கிறார். அவரிடம் காரணம் கேட்டால், “பார்த்தால் தெரியும் பாய்” என்பார். அது மழுப்பலன்று. அவருடைய அறிவு விதிகளாக அன்றி நிகழ்ச்சிகளாகவே சேர்ந்திருக்கிறது. அதனால் அவரால் காட்ட முடிகிறது, சொல்ல முடிவதில்லை.

அமெரிக்க அறிஞர் ரோஜர் ஷாங்க் 1982-இல் வெளியிட்ட ஒரு நூலில் மனித நினைவைப் பற்றி ஏறத்தாழ இதைத்தான் கூறினார். மனிதன் புதிய நிலைமையைச் சந்திக்கும்போது பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்வதே அவனது சிந்தனையின் அடிப்படை என்றார். அவருடைய மாணவி ஜேனட் கோலோட்னர் முதலானோர் அக்கருத்தைக் கணிப்பொறியில் நடத்திக் காட்டினர். ஆங்கிலத்தில் ‘கேஸ் பேஸ்டு ரீசனிங்’ எனப்படும் இதனை நாம் ‘முன்வழக்கு முறை’ எனலாம். 1994-இல் நார்வே நாட்டு ஆமோட், ஸ்பெயின் நாட்டு பிளாசா ஆகிய இருவரும் இம்முறையை நான்கு படிகளாக வகுத்துத் தந்தனர்: ஒத்த முன்வழக்கைத் தேடி எடுத்தல், அதன் தீர்வைப் பயன்படுத்துதல், புதிய நிலைமைக்கேற்பத் திருத்துதல், கிடைத்த பாடத்தைச் சேமித்தல். மேஸ்திரி செய்வதும் இந்நான்கே அன்றோ?

இதற்குப் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் லாக்ஹீட் விமான நிறுவனத்தில், விமான உறுப்புகளைப் பெரிய அழுத்த உலைகளில் அடுக்கி வேகவைப்பார்கள். எந்த உறுப்பை எங்கே வைத்தால் எல்லாம் சமமாக வேகும் என்பதற்குத் திட்டமான சூத்திரம் இல்லை. அனுபவமிக்க தொழிலாளர்கள், முன்பு நன்றாக வந்த அடுக்குகளின் படங்களைப் பாதுகாத்து வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தே வேலை செய்தனர். 1990-இல் அந்தப் படங்களைக் கொண்டே ‘கிளேவியர்’ என்னும் மென்பொருள் பணிக்கு வந்தது. பழுத்த தொழிலாளியின் நினைவு அவரோடு அழிந்துபோகாமல் அடுத்தவருக்குக் கிடைத்தது. நம் வட்டாரத்திலும் கைத்தேர்ந்த மேஸ்திரிகள் முதுமையடைய, அடுத்த தலைமுறை வேறு வேலைகளை நாடும் நிலையில், அவர்களின் அறிவை இவ்வாறு காப்பாற்றுவது பெரும் நன்மையென்பதில் ஐயமில்லை.

ஒப்புமை வேறு, காரணம் வேறு

ஆயினும் இங்கேதான் முதல் இடறுகல் இருக்கிறது. கணிப்பொறி ஒப்புமையை எவ்வாறு அறிகிறது? தோலின் வகை, எடை, நீரின் தன்மை, வெப்பம், காணப்படும் குறை என ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, எந்தக் கூறு முக்கியமானது என்பதற்கும் ஒரு மதிப்பைக் கொடுத்து, பழைய வழக்குகளில் எது இதற்கு மிக அண்மையில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. அந்த மதிப்புகளை இட்டவன் மனிதன். அவன் நிறத்தை முக்கியமென்று எண்ணியிருந்தால் கணிப்பொறியும் நிறத்தையே பார்க்கும்.

முடித்த தோலின் மீது சில வேளைகளில் வெண்மையாகப் பூத்து நிற்பதைத் தொழிலில் உள்ளவர்கள் கண்டிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் ஒன்று தோலிலுள்ள கொழுப்பு மேலே கசிந்து உறைந்தது. மற்றொன்று உள்ளே தங்கிவிட்ட உப்பு மேலே வந்து படிந்தது. ஈரத்துணியால் துடைத்தால் உப்புப் பூப்பு போய்விடும், கொழுப்புப் பூப்பு போகாது. இளஞ்சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறையும், உப்பு மறையாது. தோற்றம் ஒன்று; காரணம் இரண்டு; வைத்தியமும் இரண்டு. “வெண்பூப்பு” என்று மட்டும் எழுதிவைத்த குறிப்பேடு, அடுத்துப் பார்ப்பவனைத் தவறான வழியில் அனுப்பும்.

நம் உலமாக்கள் இந்த நுட்பத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து விதிகளாக்கி வைத்திருக்கின்றனர். அரபுக் கல்லூரிகளில் போதிக்கப்படும் உஸூலுல் ஃபிக்ஹு பாடத்தில் ‘கியாஸ்’ என்றொரு பகுதி உண்டு. வேதத்திலும் நபிமொழியிலும் நேரடியாகச் சொல்லப்படாத ஒரு புதிய விஷயம் எழும்போது, சொல்லப்பட்ட ஒன்றோடு அதனை ஒப்பிட்டுச் சட்டம் காணும் முறை அது. அதற்கு நான்கு உறுப்புகள்: முன்பே தீர்க்கப்பட்ட மூலம், புதிதாக வந்த கிளை, மூலத்துக்குரிய சட்டம், இரண்டையும் இணைக்கும் காரணம். இந்தக் காரணத்தை ‘இல்லத்’ என்பர். மது விலக்கப்பட்டதற்குக் காரணம் அதன் நிறமோ, திராட்சையிலிருந்து வடிந்தது என்பதோ அன்று, போதையே காரணம். எனவே நிறம் வேறாயினும் போதை தரும் பொருள் அதே சட்டத்தில் அடங்கும். நிறம் ஒன்றாயினும் போதை தராத சாறு அடங்காது. உஸூல் நூல்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம் இது.

மேலோட்டமாக ஒத்திருந்தும் உள்ளே முக்கிய வேறுபாடுள்ள ஒப்பீட்டை அவர்கள் ‘கியாஸ் மஅல் ஃபாரிக்’ என்று பெயரிட்டுத் தள்ளினார்கள். அதாவது, ஒப்பிடுகிறவன் ஒற்றுமைகளை அடுக்கினால் போதாது. வேற்றுமைகளையும் தேடிப் பார்த்து, அவை தீர்ப்பை மாற்றுமா என்று பதில் சொல்ல வேண்டும். 1980-களில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கெவின் ஆஷ்லியும் எட்வினா ரிஸ்லண்டும் சட்ட வழக்குகளுக்காக உருவாக்கிய ‘ஹைப்போ’ என்னும் மென்பொருள் இதே வழியில் அமைந்தது. வாதிக்குச் சாதகமான முன்வழக்கை எடுத்துக் காட்டியபின், எதிர்வாதி அதை எந்த வேற்றுமையைச் சுட்டி மறுக்கலாம் என்பதையும் அதுவே எடுத்துக் காட்டியது. மாற்றுக் கட்சியின் வாதத்தையும் சேர்த்துச் சொல்லும் பொறியே நேர்மையான பொறி எனலாம்.

வேலூர் கற்ற பாடம்

காரணத்தை ஆராயாமல் ஒப்புமையை நம்பினால் எத்தனை பேர் ஒருமித்துத் தவறிப்போகலாம் என்பதற்கு வேலூர் நகரமே சான்று. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் பால் பிராண்ட் வந்தார். அக்காலத்தில் தொழுநோய் விரல்களைத் தானாகவே அரித்துத் தின்றுவிடும் என்பதே பரவலான நம்பிக்கை. அதற்குச் சான்று வேண்டுமா? ஆயிரக்கணக்கான நோயாளிகள் இருந்தனர். அவர்களுள் எத்தனையோ பேருக்கு விரல்கள் குறைந்திருந்தன. ஒரு கணிப்பொறியிடம் அன்றைய எல்லா நோயாளிகளின் குறிப்புகளையும் கொடுத்துக் கேட்டிருந்தால், அதுவும் தயக்கமின்றி அதையே சொல்லியிருக்கும்.

பிராண்ட் நோயாளிகளின் கைகளை ஒவ்வொன்றாகக் கவனித்தார். விரல் குறைந்த ஒவ்வொரு சமயத்திலும் அதற்குச் சற்று முன்னர் நடந்தது என்ன என்று விசாரித்தார். உணர்வற்ற கை சூடான பாத்திரத்தைப் பற்றியிருந்தது. கருவியின் கூர்முனையை அழுத்தியிருந்தது. இரவில் எலி கடித்தும் தூக்கம் கலையாதிருந்தது. நோய் நரம்பின் உணர்வைப் பறித்தது. வலியென்னும் காவலாளி இல்லாத கையைக் காயங்களே அழித்தன. இந்த உண்மை வெளிப்பட்டதும் வைத்தியத்தின் போக்கே மாறிற்று. காயத்திலிருந்து கையைக் காக்கக் கற்பித்தனர்; முடங்கிய விரல்களை அறுவை முறையால் மீண்டும் இயங்கச் செய்தனர். எலியை விரட்டப் பூனையும் ஒரு மருந்தாயிற்று.

பழைய வழக்குகள் ஆயிரமும் பொய் சொல்லவில்லை. நோய் இருந்தது, விரல் இல்லை என்று தாம் கண்டதைத்தான் அவை சொல்லின. இடையில் நடந்ததை ஒருவரும் அவற்றிடம் கேட்கவில்லை. சாட்சியின் வேலை கண்டதைச் சொல்வது. காரணத்தைத் தீர்மானிப்பது நீதிபதியின் வேலை. சாட்சிகளின் எண்ணிக்கை பெருகிவிட்டால் நீதிபதி எழுந்து போய்விடலாம் என்று யாரும் சொல்வதில்லையே!

கணக்கில் ஏறாத கடன்

இரண்டாவது இடறுகல் இதனினும் பெரிது. சாட்சி கண்டதைத்தான் சொல்வான் என்றால், யாரைச் சாட்சிக்கு அழைத்தோம் என்ற கேள்வி எழுகிறது.

நம் வட்டாரத் தோல் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றைக் கொண்டே நடந்தது. அதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். 1972-இல் சீதாராமையா குழு தந்த பரிந்துரையை ஒட்டி, அரைப்பதன் தோல் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலை ஊக்குவித்தது. அதன்பின் குரோம் பதனீடு வேகமாகப் பெருகிற்று. நாட்கள் சுருங்கின, சரக்கு மென்மையாயிற்று, வெளிநாட்டில் விலை போயிற்று. குரோமில் பதமான தோலின் துண்டைக் கொதிநீரில் இட்டால் சுருங்காமல் நிற்கும். அந்தச் சோதனையில் தேறியதும் மேஸ்திரி “சரியாக வந்தது” என்று எழுதிக்கொள்வார். தோலின் எடை, சுண்ணாம்பு, குரோம், நேரம், விலை எல்லாம் குறிப்பேட்டில் ஏறின. ஒவ்வொரு வெற்றியும் அடுத்த வெற்றிக்கு முன்வழக்காயிற்று.

டிரம்மிலிருந்து வெளியேறிய நீர் எங்கே போயிற்று என்பதற்கு அந்தக் குறிப்பேட்டில் பத்தி இல்லை.

அந்தப் பத்தியை நிரப்பியது உச்ச நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. ஒரு கிலோ முடித்த தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், குரோம் பதனீட்டில் 170 வகையான இரசாயனங்கள் பயன்படுகின்றன என்பதும், தோல் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்பதும் அத்தீர்ப்பில் பதிவாயின. பின்னர் அமைக்கப்பட்ட சூழலிழப்பு ஆணையம் 2001-இல், பாதிக்கப்பட்டோர் 29,193 பேர் என்று கணக்கிட்டு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்தக் கணக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதே வட்டாரத்தைப் பற்றி மீண்டும் தீர்ப்புரைத்து, எஞ்சிய இழப்பீட்டை அரசு வழங்கிப் பின் மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்குமாறு ஆணையிட வேண்டியதாயிற்று.

இத்தொழிலை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. எண்ணற்ற குடும்பங்களுக்கு இது அன்னமளித்தது. வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965-இல் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் எழுந்ததற்குப் பின்னால் தோல் வணிகப் பெருமக்களின் கொடையுள்ளம் இருந்தது. வழக்குக்குப் பின் பெரும் பொருட்செலவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தவர்களும் தோல் பதனிடுவோரே. ஆனால் அவர்களின் பழைய குறிப்பேடுகளை அப்படியே ஒரு கணிப்பொறியில் ஏற்றினால் என்னவாகும்? அது மிகச் சிறந்த தோலுக்கான வழியைத்தான் சொல்லித் தரும். கிணறு உவர்த்துப்போன உழவரின் பெயர் அந்தப் பொறிக்குத் தெரியாது. பொய் ஒன்றும் எழுதப்படாத குறிப்பேட்டிலிருந்தே ஓர் அநீதி, விஞ்ஞானத்தின் தோற்றத்தோடு, மீண்டும் மீண்டும் பிறக்கும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது என்பது சிந்திக்கத்தக்கது. அங்கே, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் பட்டவரே. அவர் தம் மீதுள்ள பொறுப்பில் எதையும் குறைத்துவிடலாகாது. எழுதுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர், எதிரே நிற்பவரின் உரிமையை எழுதக் கடமைப்பட்டிருக்கிறார். தொழிற்சாலையின் குறிப்பேட்டை எழுதுகிறவர் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் தொழிலாளிக்கும் கடன்பட்டவர். அவர் தம் கடனை எழுதாவிட்டால் அதை எழுத வேறு ஆளில்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் உயிரிழந்தனர். சுத்திகரிப்பு என்பதே ஒரு நல்ல தீர்வுதான். ஆயினும் ஒரு தீர்வு எங்கே பளுவை இறக்கி வைக்கிறது என்பதையும் எழுதாதவரை அதன் கணக்கு முழுமையடையாது.

முன்வழக்கு இல்லாதபோது

மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. ஒப்பிடத் தக்க பழைய வழக்கே இல்லாதபோது என்ன செய்வது?

பொறி வெறுங்கையுடன் திரும்புவதில்லை. மிக அண்மையில் இருப்பதை, அது எவ்வளவு தொலைவில் இருந்தாலும், எடுத்து நீட்டிவிடும். மனிதனும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் நல்ல நீதிபதி இங்கே நிதானிக்கிறான். 1985 டிசம்பரில் தில்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1868-ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தீர்ப்பொன்று முன்வைக்கப்பட்டது. ஒருவர் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து அடுத்தவரின் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்த வழக்கு அது. அதில் பிறந்த விதிக்குச் சில விலக்குகளும் இருந்தன. போபால் துயரம் நிகழ்ந்து ஓராண்டே கழிந்திருந்த வேளை. தலைமை நீதிபதி பகவதியின் அமர்வு 1986-இல் அந்தப் பழைய விதியோடு நின்றுவிட மறுத்தது. இன்றைய இரசாயன ஆலையின் அபாயத்தை அந்தக் காலத்து விதியால் அளக்க இயலாது. அபாயமான தொழிலை நடத்துபவருக்கு விலக்கின்றி முழுப் பொறுப்பும் உண்டு என்றது. பழைய தீர்ப்பை மதித்துக் கேட்டபின், அது இதற்கு உரியதன்று என்று சொல்லவும் அறிவு வேண்டும்.

வேலூர்த் தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்றது. கெடுதி விளையும் என்பதற்கு முழு விஞ்ஞானச் சான்று கிடைக்கும்வரை காத்திருக்கலாகாது. தம் செயலால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் சுமை செய்கிறவர் மேலேயே இருக்கிறது என்று அது வரையறுத்தது. இதற்கு முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்று பெயர். பின்வந்த எத்தனையோ சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு இதுவே முன்வழக்காயிற்று. இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். “இதற்குமுன் ஒன்றும் ஆகவில்லையே” என்னும் வாதத்தை அது செல்லாததாக்குகிறது. கெடுதி பதிவாகாமலிருப்பது, கெடுதி இல்லை என்பதற்குச் சான்றாகாது. தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தீங்கு எழுதப்பட்டிருந்தால்தான் நீக்க வேண்டும் என்று அவ்விதி சொல்லவில்லை.

ஹனஃபி மத்ஹபின் நூல்களில் கிணற்றைப் பற்றிய பழைய உதாரணமொன்று வரும். அசுத்தம் விழுந்த கிணற்றை இறைத்தால், வாளியும் கயிறும் சுவரும் அசுத்த நீரைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், நேரான கியாஸின்படி அது ஒருநாளும் சுத்தமாகாது. ஆயினும் மக்களின் தேவையைக் கருதி, உரிய அளவு நீரை இறைத்துவிட்டால் கிணறு சுத்தமாகும் என்று இமாம்கள் தீர்த்தனர். இதனை இஸ்திஹ்ஸான் என்பர். ஒப்பீடு வாழ்வை முடக்கும் இடத்தில் அவர்கள் ஒப்பீட்டை நிறுத்திவிட்டு மனிதனைப் பார்த்தார்கள். ஆனால் அதே தீர்ப்பைக் காட்டி, குரோமும் உப்பும் ஊறிய இன்றைய கிணற்றையும் இறைத்துவிட்டால் போதும் என்று ஒருவர் வாதித்தால்? அது தொழுகைக்கான தூய்மை பற்றிய தீர்ப்பு. இதுவோ நிலத்தடி நீர் மனிதனுக்கு இழைக்கும் தீங்கு பற்றிய கேள்வி. எத்தனை வாளி இறைத்தாலும் ஊற்றே உவர்த்திருக்கிறது. சொல் ஒன்று, வழக்கு வேறு.

பொறுப்பு யாருடையது?

இத்தனைக்கும் பிறகு கணிப்பொறியை ஒதுக்கிவிட வேண்டும் என்பதா முடிவு? இல்லை. முன்வழக்கு முறையில் ஒரு பெரிய நற்குணம் உண்டு. அது தன் சாட்சியைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. “இந்த ஆண்டு, இந்தச் சரக்குக்கு, இவ்வாறு செய்ததைக் கொண்டு சொல்கிறேன்” என்று எடுத்து வைக்கிறது. அந்தப் பழைய வழக்கை நாம் படித்துப் பார்க்கலாம். வேற்றுமை இருந்தால் தள்ளலாம். இன்று பெருகிவரும் வேறு சில கணிப்பொறி முறைகள் கோடிக்கணக்கான தகவல்களைத் தின்று செரித்து, எதைக்கொண்டு சொல்கின்றன என்று எளிதில் காட்ட இயலாமல் விடையை மட்டும் தருகின்றன. முகம் காட்டாத சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி? தோல் ஷாப்பிலோ, கடன் தரும் வங்கியிலோ, நோய் பார்க்கும் மருத்துவமனையிலோ ஒரு பொறியின் சொல்லைக் கேட்டு இன்னொருவரின் வாழ்வைப் பற்றி முடிவு செய்கிறவர், எந்த முன்வழக்கின் பேரில் என்று கேட்டறியக் கடமைப்பட்டவர். அவ்வாறே, அந்த முடிவுக்கு ஆளாகிறவருக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு.

கலீபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறிவிக்கப்படும் கடிதம் நீதிபரிபாலனத்தின் பெருஞ்செல்வமாகப் போற்றப்படுகிறது. ஒத்த விஷயங்களை அறிந்து ஒப்பிட்டுப் பார்க்குமாறு அதில் பணிக்கிறார்கள். அதே கடிதத்தில், நேற்று வழங்கிய தீர்ப்பு இன்று உண்மையின்பால் திரும்புவதற்குத் தடையாக இருக்கக் கூடாது என்றும் எச்சரிக்கிறார்கள். முன்வழக்கைப் பின்பற்றுவதும் முன்வழக்கிலிருந்து மீள்வதும் அங்கே ஒரே கடமையின் இரு பகுதிகளாக நிற்கின்றன.

ஆகவே, தொழில் நடத்தும் நம் இளைஞர்கள் மேஸ்திரிகளின் அறிவைக் கணிப்பொறியில் ஏற்றட்டும், அது நற்செயலே. ஏற்றும்போது வென்ற சரக்கோடு கெட்ட சரக்கையும் எழுதட்டும். பார்த்த குறையோடு அதன் காரணத்தையும், எவ்வாறு அறிந்தோம் என்பதையும் எழுதட்டும். தோல் எப்படி வந்தது என்பதன் பக்கத்திலேயே நீர் எங்கே சென்றது, யார் கை அதில் நனைந்தது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கட்டும். முடிவெடுத்தவரின் பெயரையும் எழுதட்டும்; “கம்ப்யூட்டர் சொன்னது” என்பது பெயராகாது. பொறிக்கு மறுமை இல்லை. கேள்வி கணக்கும் இல்லை. அது நம் கையில் கொடுக்கப்பட்ட ஏடு மட்டுமே. அதில் நாம் எதை எழுதினோம், எதை எழுதாமல் விட்டோம் என்ற கணக்கு நம்மிடமே கேட்கப்படும்.

ஏடு எழுதும் கைகளுக்கு, தமக்கு எதிரான வரியையும் எழுதும் துணிவை வல்ல அல்லாஹ் அருள்வானாக!